கடைசிப் பத்து நிமிடம்: பேரிழப்புக்குப் பின் ஓர் அறிபுனைப் படத்தை எப்படி முடிப்பது?

எட்டுப் பேராகப் புறப்பட்ட குழுவில் ஆறு பேர் இறந்துவிட்டார்கள். வேற்றுக்கிரகப் பகை அழிந்துவிட்டது, அல்லது பூமியை நோக்கி வந்த விண்கல் உடைந்துவிட்டது. கதையின் முடிச்சு அவிழ்ந்த பிறகு திரைக்கதையாசிரியரின் கையில் எஞ்சியிருப்பது ஏறத்தாழப் பத்து நிமிடத் திரைநேரம். அதைத் தப்பிப் பிழைத்தவர்களின் மகிழ்ச்சியால் நிரப்பலாம். மிஞ்சியவர்களையும் கொன்று இருளில் முடிக்கலாம். இறந்தவர்களை ஏதேனும் ஓர் உத்தியால் மீட்டுக் கொண்டுவரலாம். விடை சொல்லாமல் நிறுத்திவிடலாம். அல்லது இழப்பை மறைக்காமலேயே ஒரு நம்பிக்கையைக் காட்டலாம். பெருஞ்செலவில் எடுக்கப்படும் படங்கள் பெரும்பாலும் முதல் வழியைத்தான் நாடுகின்றன. ‘இவ்வளவு பேர் செத்த பிறகு இவர்களால் எப்படிச் சிரிக்க முடிகிறது’ என்ற உறுத்தலோடு பார்வையாளர் வெளியே வருவதும் அந்த வழியில்தான்.

இந்த உறுத்தல் மற்ற வகைப் படங்களைவிட அறிபுனையில், அதாவது அறிவியல் புனைவில், கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு குற்றப்படத்தில் நான்கு பேர் இறந்தாலும் உலகம் அப்படியே இருக்கிறது. மிஞ்சியவர் திரும்பிப் போக ஒரு வீடும் தெருவும் இருக்கின்றன. அறிபுனையோ நகரங்களையும் கண்டங்களையும் அழித்து, அந்த அழிவின் நடுவே நாம் பெயர் சொல்லிப் பழகிய நாலைந்து பேரையும் பலிகொடுத்து, அதற்குப் பிறகும் எதிர்காலம் என்ற ஒன்றைக் காட்ட வேண்டிய கட்டாயத்தில் இருக்கிறது. இழப்பு இரண்டு அளவுகளில் நிகழ்கிறது. முடிவோ பெரும்பாலும் ஒன்றுக்குத்தான் பதில் சொல்கிறது, சில வேளைகளில் இரண்டுக்கும் சொல்வதில்லை.

முடிவுகளை ஒப்பிட நான் பயன்படுத்தும் உரைகல் எளியது. படத்தில் நிகழ்ந்த முக்கிய மரணங்களை மனத்துக்குள் நீக்கிவிட்டுக் கடைசிக் காட்சியை மட்டும் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு மாற்றமும் இல்லாமல் காட்சி அப்படியே நிற்குமானால், அந்த மரணங்கள் முடிவுக்குள் வந்து சேரவே இல்லை. மகிழ்ச்சியாக முடிகிறதா, துயரமாக முடிகிறதா என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

ரோலண்ட் எமரிக் இயக்கி 2009இல் வெளிவந்த ‘2012’ இந்த உரைகல்லில் தேறாத படங்களுக்கு முழுமையான எடுத்துக்காட்டு. கதாநாயகனின் முன்னாள் மனைவி இப்போது கார்டன் என்பவரோடு வாழ்கிறார். விமானம் ஓட்டச் சில வகுப்புகள் மட்டுமே போயிருந்த அந்த மனிதர்தான், நகரம் காலடியில் சரியும்போது விமானத்தைக் கிளப்பிக் குடும்பம் முழுவதையும் காப்பாற்றுகிறார். படத்தின் இறுதிப் பகுதியில், உலகை மூழ்கடிக்கும் வெள்ளத்திலிருந்து தப்பக் கட்டப்பட்ட பேழைக்கப்பலுக்குள் ஏறும் முயற்சியில் கதவின் பற்சக்கரங்களுக்கு இடையே சிக்கி அவர் நசுங்கி இறக்கிறார். அதன் பிறகு முன்னாள் கணவனும் மனைவியும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். பேழையின் மேல்தளம் திறக்கிறது, வெயில் அடிக்கிறது, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையை நோக்கிச் செல்கின்றன, இனிமேல் தனக்கு இரவில் அணையாடை வேண்டாம் என்று சின்ன மகள் அறிவிக்கிறாள். கார்டன் என்ற ஒருவர் கதையில் இருந்திருக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்த்தால் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை. உண்மையில் அவர் இல்லாதிருந்தால் காட்சி இன்னும் சீராகவே ஓடும். குடும்பத்தை ஒட்டவைப்பதற்காகவே ஒருவர் அப்புறப்படுத்தப்பட்டார் என்ற எண்ணம் பார்வையாளருக்கு அப்போதுதான் வருகிறது. கோடிக்கணக்கானோர் இறந்ததைவிட அந்த ஒரு மரணம் படத்தின்மீது அதிகக் கசப்பை உண்டாக்குகிறது.

வேற்றுக்கிரகத்தார் படையெடுப்பைச் சொல்லும், 2005இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய ‘வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ வேறு விதமாகச் சறுக்குகிறது. பதின்வயது மகன் ராபி, போரை நேரில் பார்க்கத் துடித்து ஒரு குன்றின் மேலேறி ஓடுகிறான். குன்றுக்கு அப்பால் எல்லாம் தீயாக எழுகிறது. அவனை இழந்துவிட்டோம் என்றே தந்தையும் நாமும் மீதிப் படத்தைக் கடக்கிறோம். கடைசியில் பாஸ்டனில், ஏறத்தாழச் சேதமே இல்லாத ஒரு தெருவில், தாத்தா பாட்டியின் வீட்டு வாசலில் அவன் முழுதாக வந்து நிற்கிறான். எப்படித் தப்பினான் என்பதற்கு ஒரு சொல்கூட இல்லை. எச்.ஜி. வெல்ஸின் 1898ஆம் ஆண்டு நாவலும் இத்தகைய மறுசந்திப்போடுதானே முடிகிறது என்று படத்துக்காக வாதாடலாம். இறந்துவிட்டதாக ஒருவரையொருவர் எண்ணிய கணவனும் மனைவியும் அதில் மீண்டும் சேர்கிறார்கள். ஆனால் வெல்ஸ் அங்கே நிறுத்திக்கொள்ளவில்லை. லண்டன் தெருக்களில் நடமாடும் கூட்டம் கதைசொல்லியின் கண்ணுக்கு ஆவிகளைப் போலத் தெரிகிறது. மனைவியின் கையைப் பற்றியிருக்கும்போதே, அவளைத் தானும் தன்னை அவளும் இறந்தோர் கணக்கில் சேர்த்திருந்தோம் என்ற நினைவு விசித்திரமாக எழுகிறது. நாவல் அந்த நினைவில்தான் முடிகிறது. நிகழ்ச்சி இரண்டிலும் ஒன்றே. நாவலில் வரும் மகிழ்ச்சி மரணத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது, படத்தில் அது மரணத்தைத் துடைத்துவிடுகிறது.

மகிழ்ச்சியான முடிவு எப்போதுமே தவறு என்று இதைக்கொண்டு முடிவுகட்டிவிடக் கூடாது. 1998ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் சில வார இடைவெளியில் வெளிவந்த இரண்டு படங்கள், பூமியை நோக்கி வரும் விண்பொருளைத் தடுக்கும் ஏறத்தாழ ஒரே கதையை வைத்துக்கொண்டு, இதற்கு இரு வேறு விடைகளைத் தந்தன. ‘ஆர்மகெடான்’ படத்தில் தப்பிய வீரர்கள் வெயிலில் மெதுநடையில் வருகிறார்கள், காதலர்கள் தழுவிக்கொள்கிறார்கள், பெயர்ப்பட்டியல் ஓடும்போது திருமணமும் நடந்தேறுகிறது. நியாயமாகச் சொன்னால் அந்தப் படம் பூமிக்காக உயிர்கொடுத்த தன் நாயகனை மறந்துவிடவில்லை. தான் கண்ட மிகத் துணிச்சலான மனிதரின் மகளோடு கைகுலுக்க ஒரு விண்வெளி அதிகாரி அனுமதி கேட்கும் சிறு கணம் அதில் உண்டு, இருப்பவற்றுள் உண்மையான கணமும் அதுதான். ஆனால் நம் கண்ணெதிரே அழிந்த பாரிஸ் நகரம் யாருடைய நினைவிலும் இல்லை. ‘டீப் இம்பாக்ட்’ படத்தின் முடிவிலும் நம்பிக்கை உரை ஒன்று இருக்கிறது; அதை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிகழ்த்தும்போது அவருக்குப் பின்னால் பாதி மட்டுமே எழுந்த நாடாளுமன்றக் கட்டடம் சாரங்களோடு நிற்கிறது. பேரலை எவ்வளவைக் கொண்டுபோயிற்று என்று ஒரு பாத்திரமும் விளக்க வேண்டியதில்லை, சாரமே சொல்லிவிடுகிறது. இரண்டில் ‘ஆர்மகெடான்’ கூடுதலாக வசூலித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வசூல் ஒன்றே அளவுகோல் என்றால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை.

தயாரிப்பாளர்கள் ஒளிமயமான முடிவை வற்புறுத்துவதை வெறும் கோழைத்தனம் என்று ஒதுக்கிவிடுவதும் சரியல்ல. ஃபிராங்க் ஓஸ் 1986இல் ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ படத்தை முதலில் மேடை நாடகத்தில் உள்ளபடியே முடித்தார்: மனிதரைத் தின்னும் செடி நாயகனையும் நாயகியையும் விழுங்கிவிட்டு உலகைப் பிடிக்கக் கிளம்புகிறது. சோதனைத் திரையிடல்களில் அது படுதோல்வி அடைந்ததால், இருவரும் பிழைத்துத் திருமணம் செய்துகொள்ளும் முடிவு புதிதாகப் படமாக்கப்பட்டது. பழைய முடிவு சீரமைக்கப்பட்டு 2012இல்தான் வெளியானது. இதற்கு ஓஸ் பின்னர் சொன்ன விளக்கம் கூர்மையானது. நாடகத்தில் செத்த நடிகர்கள் திரை விழுந்ததும் முன்னே வந்து வணங்குகிறார்கள். திரைப்படத்தில் அப்படி யாரும் வருவதில்லை, செத்தவர் செத்தவர்தான். கடைசி மகிழ்ச்சி பார்வையாளருக்கு ஓர் ஆறுதல் வணக்கம் போலத் தேவைப்படுகிறது என்பது உண்மை. அந்தத் தேவையை மறுப்பதில் பயனில்லை. எதைக் கொண்டு அதை நிறைவுசெய்வது என்பதில்தான் தேர்வு இருக்கிறது.

இருளில் முடிக்கும் வழியை விரைவாகவே கடந்துவிடலாம், ஏனெனில் அதன் மதிப்பு சற்று மிகைப்படுத்தப்பட்டிருக்கிறது. சோகமாக முடிந்தாலே படம் நேர்மையானது என்ற எண்ணம் தீவிர ரசிகர்களிடையே வேரூன்றியிருக்கிறது. ஃபிராங்க் டாரபான்ட்டின் ‘தி மிஸ்ட்’ (2007) அந்த மதிப்புக்கு உரியதுதான். காரில் ஐந்து பேர், துப்பாக்கியில் நான்கு குண்டுகள். தந்தை தன் மகன் உட்பட நால்வரைக் கொன்றுவிட்டு இறங்கி நிற்கும்போது மூடுபனி விலகி இராணுவம் வருகிறது, தன் பிள்ளைகளைத் தேடித் தனியாகப் போன பெண் அந்த வண்டியொன்றில் பிள்ளைகளோடு உயிருடன் இருக்கிறாள். அந்த மரணங்களை நீக்கினால் முடிவே கிடையாது. மாறாக 1992இல் வந்த ‘ஏலியன் 3’, முந்தைய படத்தில் நாயகி ரிப்லி அரும்பாடுபட்டு மீட்ட சிறுமியையும் வீரனையும் தொடக்கத்திலேயே, அதுவும் தூக்கத்திலேயே, கொன்றுவிடுகிறது. இது துணிவுபோலத் தோன்றினாலும் இழப்பைக் கணக்கில் எடுக்காத இன்னொரு வழியே. சிரித்து மறப்பதற்கும் கொன்று மறப்பதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

இறந்தவர்களை மீட்பது அறிபுனைக்கு மட்டுமே எளிதாகக் கைவரும் வசதி. காலப்பயணம், உயிர்ப் படியெடுப்பு (குளோனிங்), மாற்று அண்டம் என்று சாவிகள் பல கிடைப்பதால் எழுத்தாளர் அதைத் தொடும்போதே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 1982இல் வெளிவந்த ‘ஸ்டார் டிரெக்’ வரிசையின் இரண்டாம் படத்தில் விண்கப்பல் அதிகாரி ஸ்பாக் இறந்து, அவருடைய உடல் ஒரு பேழையில் விண்வெளியில் விடப்படுகிறது. சோதனைத் திரையிடலுக்குப் பிறகு, இயக்குநர் நிக்கலஸ் மேயருக்கு விருப்பமில்லாமலேயே, அந்தப் பேழை ஒரு புதிய கோளின் பசுமைக்கு நடுவே கிடப்பதாகக் காட்டும் காட்சிகள் சேர்க்கப்பட்டன. கொள்கையளவில் நான் மேயர் பக்கம்தான். ஆயினும் அந்தச் சேர்க்கை படத்தைக் கெடுக்கவில்லை. அதற்கு முன்பே இறுதிச்சடங்குக்கும், கப்பல் தலைவர் கிர்க் தன் மகனோடு மனம்விட்டுப் பேசுவதற்கும் படம் போதிய நேரம் ஒதுக்கிவிட்டது. 1984இல் வந்த அடுத்த படம் ஸ்பாக்கைத் திருப்பித் தந்தபோதும் இலவசமாகத் தரவில்லை. கிர்க்கின் மகனும் அவருடைய கப்பலும் அதற்கு விலையாயின. மீட்பு வழியைத் தேர்ந்தெடுப்பவர் இதைக் குறைந்தபட்ச நிபந்தனையாகக் கொள்ளலாம். 2019இன் ‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ முந்தைய படத்தில் மறைந்த பாதி அண்டத்து உயிர்களை மீட்டுவிட்டு நாயகர்களுள் இருவரைத் திரும்பி வராதவர்களாக விட்டது, அவர்களில் டோனி ஸ்டார்க்குக்கு ஏரிக்கரையில் அனைவரும் கூடிய நீண்ட இறுதி அஞ்சலியும், நடாஷாவுக்கு நண்பர்களின் சுருக்கமான உரையாடலும் கிடைத்தன. அந்த ஏற்றத்தாழ்வை ரசிகர்கள் உடனே கவனித்தார்கள். துக்கத்துக்கு ஒதுக்கப்படும் நேரத்தைப் பார்வையாளர் அளந்துகொண்டுதான் இருக்கிறார்.

விடை சொல்லாமல் நிறுத்துவதும், வலிந்து விடை சொல்வதும் ஒரே நாளில் அரங்குக்கு வந்ததுண்டு. ஜான் கார்ப்பென்டரின் ‘தி திங்’ படமும் ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’ படமும் 1982 ஜூன் 25 அன்று அமெரிக்காவில் வெளியாயின. முன்னதில், மனித உருவெடுக்கும் வேற்றுக்கிரக உயிரியால் பலர் இறந்த பின், எரிந்துகொண்டிருக்கும் முகாமின் முன்னே பனியில் இருவர் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நாயகன் மீட்கப்பட்டு, இரத்தப் பரிசோதனையில் மனிதன்தான் என்று உறுதியாகும் ஒரு காட்சியைக் கார்ப்பென்டர் முன்னெச்சரிக்கையாகப் படம்பிடித்து வைத்திருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. பயன்படுத்தியிருந்தால், யாரையும் நம்ப முடியாமல் செத்துப்போன அத்தனை பேரின் அச்சமும் ஒரு மருத்துவச் சான்றிதழில் முடிந்திருக்கும்.

‘பிளேட் ரன்னர்’ அந்தத் தவற்றைச் செய்தது. அதன் மையம், நான்கே ஆண்டு ஆயுள் விதிக்கப்பட்ட செயற்கை மனிதர்கள் இன்னும் கொஞ்சம் வாழத் துடித்து ஒருவர்பின் ஒருவராகச் சாவது. அவர்களுள் ஒருவனான ராய் பேட்டி மழையில் அமர்ந்து, தான் கண்டவையெல்லாம் தன்னோடு அழியப்போவதைச் சொல்லி உயிர்விடும் காட்சியில் அது உச்சமடைகிறது. தயாரிப்புத் தரப்பின் விருப்பப்படி அதன்பின் ஒட்டப்பட்ட முடிவில், நாயகனும் செயற்கைப் பெண்ணான ரேச்சலும் மலைச்சாரலில் காரில் போகிறார்கள். ரேச்சலுக்கு மட்டும் ஆயுள் வரம்பு கிடையாது என்று பின்னணிக் குரல் அறிவிக்கிறது. அந்த மலைக்காட்சிகளில் சில, ஸ்டான்லி குப்ரிக் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்துப் பயன்படுத்தாமல் வைத்திருந்தவை. காட்சி இரவல் என்பதில் குற்றமில்லை. எந்த விதியால் ராய் செத்தானோ அந்த விதியையே ஒரு வாக்கியத்தில் ரத்து செய்ததுதான் குற்றம். 1992ஆம் ஆண்டின் இயக்குநர் பதிப்பு அந்தப் பயணத்தை நீக்கிவிட்டு மின்தூக்கியின் கதவு மூடுவதோடு நின்றது. ரேச்சல் எவ்வளவு காலம் வாழ்வாள் என்று நமக்குத் தெரியாது. ராயின் சாவு வீணாகாமல் இருப்பது அதனால்தான்.

எஞ்சுவது ஐந்தாவது வழி, இழப்பை மறைக்காமலேயே நம்பிக்கையைக் காட்டுவது. பெரும்பாலான கதைகளுக்கு நான் பரிந்துரைப்பதும் அதுவே. தொல்காப்பியம் எண்வகை மெய்ப்பாடுகளுள் (உணர்ச்சி வெளிப்பாடுகளுள்) உவகையையும் பெருமிதத்தையும் தனித்தனியே வைக்கிறது. பெருமிதம் பிறக்கும் களங்களாக அது சொல்பவற்றில் தறுகண்ணும் (அஞ்சாமையும்) கொடையும் இடம்பெறுகின்றன. உயிரைக் கொடுத்தவர்களின் கதை பெருமிதத்தில் முடிய வேண்டிய இடத்தில் உவகையில் முடிக்கப்படும்போதுதான் போலித்தனம் தெரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. துயரமும் பெருமிதமும் ஒரே காட்சியில் நெருக்கடியின்றி இருக்கலாம். துயரத்தையும் களியாட்டத்தையும் அவ்வாறு இருத்துவது மிகக் கடினம்.

டேனி பாயிலின் ‘சன்ஷைன்’ (2007) இந்த வழியின் தெளிவான வடிவம். மங்கிவரும் சூரியனை மீண்டும் தூண்டப் போகும் எட்டுப் பேரும் இறந்துவிடுகிறார்கள். படத்தின் தொடக்கப் பகுதியிலேயே இயற்பியலாளர் காப்பா தன் குடும்பத்துக்கு ஒரு செய்தி பதிவுசெய்கிறார்: சூரிய ஒளி பூமியை அடைய எட்டு நிமிடம் ஆகும், ஒருநாள் விடியல் வழக்கத்தைவிட அழகாக இருந்தால் நாங்கள் வென்றுவிட்டோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடைசிக் காட்சியில் அவருடைய சகோதரி பிள்ளைகளோடு பனிவெளியில் நிற்கிறாள். வெளிச்சம் மெல்லக் கூடுகிறது. தொலைவில் உறைந்துகிடக்கும் சிட்னி ஓப்பரா அரங்கம் தெரிகிறது. கைதட்டலோ கட்டியணைப்போ இல்லை. எட்டுப் பேரின் சாவு எதை வாங்கியதோ அந்த ஒளி மட்டுமே திரையில் இருக்கிறது, அதைப் பெறுபவள் அவர்களோடு பயணம் செய்யாதவள். பயணத்தில் மிஞ்சிய ஒருவரைச் சிரிக்கவைக்க வேண்டிய சங்கடமே படத்துக்கு நேரவில்லை.

மிஞ்சியவர்கள் இருக்கும் கதைக்கு ‘செரினிட்டி’ (2005) நல்ல வழிகாட்டி. விண்கப்பலைப் பத்திரமாகத் தரையிறக்கிய அடுத்த நொடியில் விமானி வாஷ் கொல்லப்படுகிறார். போர் நடந்துகொண்டிருப்பதால் அவருடைய மனைவி ஸோயிக்கு அழக்கூட நேரமில்லை. போர் ஓய்ந்த பின் படம் முதலில் கல்லறைகளைக் காட்டுகிறது, பிறகு எல்லோரும் சேர்ந்து கப்பலைச் செப்பனிடுவதைக் காட்டுகிறது. கப்பல் தாங்குமா என்று தலைவன் கேட்கும்போது, நிறையச் சிதைந்துபோயிருக்கிறது, ஆனாலும் நேராகப் பறக்கும் என்கிறாள் ஸோயி. கேள்வியும் பதிலும் கப்பலைப் பற்றியவை மட்டுமல்ல என்பது இருவருக்கும் தெரியும். கப்பல் கிளம்பும்போது வாஷ் இல்லாத விமானி அறையில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அங்கே நகைச்சுவைகூட உண்டு, அது உறுத்தவில்லை. காலியான இடத்தை மறைக்காமல் அந்த இடத்திலிருந்தே அது எழுகிறது.

எனவே தேர்வு, கதையில் எவர் மிஞ்சுகிறார் என்பதைப் பொறுத்து அமையும். ஒருவரும் மிஞ்சவில்லையென்றால் நம்பிக்கையை வெளியே இருக்கும் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவரையோ அவருக்கான செய்தியையோ முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே விதைத்துவிட வேண்டும். ‘ரோக் ஒன்’ (2016) முழுக் குழுவையும் இழந்த பின் திருடப்பட்ட வரைபடங்களை இளவரசி லேயாவிடம் சேர்ப்பதோடு முடிய முடிந்ததற்கு, அவை எதற்குப் பயன்படப்போகின்றன என்பதை 1977ஆம் ஆண்டின் ‘ஸ்டார் வார்ஸ்’ படமே சொல்லிவிட்டிருந்தது காரணம். புதிய கதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இருவர் மூவர் மிஞ்சினால் அவர்களுக்குத் தழுவலைவிட ஒரு வேலையைக் கொடுப்பது மேல். நாயகர்கள் பிழைத்து உலகம் அழிந்திருந்தால், அழிவைக் கண்ணுக்குக் காட்டும் ஒரு பொருளாவது கடைசிச் சட்டகத்துக்குள் இருக்க வேண்டும். அவநம்பிக்கையே கதையின் சாரம் என்றால் விடை சொல்லாமல் நிறுத்தலாம். ‘சில மாதங்களுக்குப் பிறகு’ என்ற அட்டையை மட்டும் எந்த நிலையிலும் கடைசிப் புகலிடமாகவே வைத்துக்கொள்வது நல்லது; நாம் காண வேண்டிய துக்கத்தைக் காட்சிக்கு வெளியே நடத்தி முடிப்பதற்குத்தான் அது பெரும்பாலும் பயன்படுகிறது.

இவ்வளவுக்கும் பிறகு தயாரிப்பாளர் ஒளிமயமான முடிவையே கேட்டால், ஜேம்ஸ் கேமரன் ‘டெர்மினேட்டர் 2’ (1991) படத்துக்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்ததை நினைவூட்டலாம். 2029ஆம் ஆண்டில் முதுமையடைந்த நாயகி சாரா ஒரு பூங்காவில் அமர்ந்திருக்க, மகன் ஜான் செனட்டராகி, தன் குழந்தையோடு விளையாடும் காட்சி படமாக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. அதில், அவர்களைக் காத்தபின் உருக்கு உலையில் இறங்கி அழிந்த இயந்திர மனிதனின் சுவடே இல்லை. அதற்குப் பதிலாக வந்தது இருண்ட நெடுஞ்சாலையும் சாராவின் குரலும் மட்டுமே: ஓர் இயந்திரத்தால் மனித உயிரின் மதிப்பை உணர முடிந்ததென்றால் நம்மாலும் முடியக்கூடும். இதுவும் நம்பிக்கையான முடிவுதான், செலவும் குறைவு. தயாரிப்பாளர் கேட்டதைப் படம்பிடிக்கும் நாளிலேயே இத்தகைய சிறிய முடிவு ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டால், எது படத்தில் இருக்க வேண்டும் என்பதைப் படத்தொகுப்பு மேசையில் இரண்டையும் அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.